வேலைக்குப் போகிறவனை யாரும் தொடமாட்டார்கள்

சிகாகோ, மேற்குப் பகுதி
மே 19

அன்புள்ள தங்கை வெர்னீஸுக்கு,

உன் பேரன் மார்க்வெல் போன ஜூலை பதினொன்றாம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டான். நகரத்தின் இளைஞர் வேலைத் திட்டம் அவனைப் போகக்கூடாத பக்கத்துக்கு வேலைக்கு அனுப்பியது. செத்த பிறகு போலீஸ் அவனைக் கும்பலைச் சேர்ந்தவன் என்று எழுதியது. போலீஸைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது. பத்திரிகையைப் பார்த்து நீ நம்பினாய். நடந்த அநியாயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். முழங்கால் வலி எப்படி? எனக்கு இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டிவிட்டது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவன் இப்போது மளிகைக் கடைக்குப் போக அடுத்தவன் காருக்குக் காத்திருக்கிறேன். எழுத்து பெரிதாக இருப்பது அதனால்தான், உன்னை அதட்டுவதற்காக இல்லை.

ரெனீட்டாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய். ஆனாலும் அவள் நீ பெற்ற மகள், அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மீன் பொரித்து எடுத்துப் போனேன். மாவை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீனை வைத்துவிட்டாள்.

அடக்கத்துக்கு நீ வந்த நாளை நான் மறக்கவில்லை. மார்க்வெலின் கூட்டாளிகள் அவன் படம் அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு சர்ச் படியில் நின்றார்கள். அழுவதற்கு வேறு வழி தெரியாத பிள்ளைகள் அவர்கள். நீ அந்தச் சட்டைகளைப் பார்த்தாய், முடிவு கட்டிவிட்டாய். சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மேஜைக்குப் பொரித்த கோழி வந்து சேருவதற்குள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீ புள்ளைய வளக்கல, ரெனீட்டா. தெருவுக்குத் தத்துக் குடுத்துட்டே" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தின்னாமல் கிளம்பிப் போனாய். அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த சிகாகோ வேறு. அப்போது நாலைந்து பெரிய கும்பல்கள் இருந்தன. தலைவன் யார், எல்லை எது என்று எல்லோருக்கும் தெரியும். தலைவர்களை எல்லாம் ஜெயிலில் போட்டார்கள். இப்போது தலைவனும் இல்லை, எல்லையும் இல்லை. ஒவ்வொரு தெருவும் தனி நாடு. செத்துப்போன பையன் எவனாவது ஒருவன் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்தப் பக்கம் அவர்கள் தெரு. எதனால் பகை என்று கேட்டால், எவனோ எவனையோ ஒரு பாட்டுக்குள் வைத்துக் கேலி செய்தானாம், நாலு வருஷத்துக்கு முன்னால். கேலி செய்தவனும் செத்துவிட்டான், கேலிக்கு ஆளானவனும் செத்துவிட்டான். ஆனாலும் பாலத்துக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் போகிற பையனிடம் நீ யார், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் தெருவில் தூங்குகிறாய் என்பதுதான் கணக்கு. மார்க்வெல் எந்தக் கும்பலிலும் இல்லை. என் தெருவில் தூங்கினான்.

என் தெரு முனையில் இருக்கும் பலகை உனக்கு நினைவிருக்கும். தெருச் சங்கத் தலைவர் என்ற முறையில் நானே பெயின்ட் அடித்து மாட்டியது. பந்து விளையாடக்கூடாது, கார் கழுவக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது, இப்படி ஏழு இருக்கிறது. மார்க்வெலுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு நாள் அதன் கீழே நின்று விரல் விட்டு எண்ணினான். பிறகு என்னிடம், "மாமா, ஏழு 'கூடாது' போட்டிருக்கீங்க. செய்யலாம்னு ஒண்ணாவது போடக்கூடாதா? மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் சங்கத்துல கையெழுத்து வாங்கணுமா?" என்றான். அவர்கள் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு, அவனும் அவன் தம்பியும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவனைத் திட்டி விரட்டினேன். வீட்டுக்குள் போன பிறகு யோசித்தேன். அவன் சொன்னது சரிதான்.

அதனால்தான் இந்தக் கோடைக்கால வேலைத் திட்டம் வந்தபோது எங்கள் தெருவில் முதல் விண்ணப்பத்தை நான் வாங்கி வந்தேன். பையனுக்கு ஒரு வேலை கொடு, காலையில் எழுந்து போக ஓர் இடம் கொடு, அவன் துப்பாக்கியைத் தேடமாட்டான் என்று சொன்னார்கள். அது பொய் இல்லை, வெர்னீஸ். நான் இன்றைக்கும் அதை நம்புகிறேன். பாலத்துக்கு அப்பால் இருக்கும் பூங்கா நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிற வேலை. எட்டு நாள் போனான். திட்டக்காரர்கள் கொடுத்த ஆரஞ்சுச் சட்டையைத் தினமும் தானே இஸ்திரி போட்டான். ஒரு குழந்தை அவனை 'மார்க்வெல் சார்' என்று கூப்பிட்டதாம். அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னான், முதல் தடவை சொன்னதை மறந்துவிட்டவன் மாதிரி. ஒன்பதாம் நாள் பாலத்தைத் தாண்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் தம்பி டேவியனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இந்த வருஷம் அவனுக்கும் அதே திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதே பூங்கா. அதே குளம்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் தெரு, பாலம், அவர்கள் தெரு, யார் எங்கே நிற்பார்கள் எல்லாவற்றையும் என் கையால் வரைந்து எடுத்துப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "வீட்டுக்குப் பக்கத்துலதாங்க சார் குடுத்திருக்கோம். நடந்தா ஒம்பது நிமிஷம்னு காட்டுது" என்றாள். ஒன்பது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் நடக்குமா, பையன் நடப்பானா என்று கேட்டேன். என் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும் சார். நானும் இந்தப் பக்கம்தான் வளந்தேன். ஆனா இதைப் போட இங்க கட்டம் இல்ல. வேற இடம் கேக்குறதுக்கு ஏப்ரல் முப்பதோட தேதி முடிஞ்சிருச்சு" என்றாள். எந்த இடம் என்று கடிதம் வந்ததே மே பத்தாம் தேதி. அதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. மேலதிகாரிக்கு நாலு கடிதம் எழுதிவிட்டேன். எனக்கு ஒரு கருத்துக் கணிப்புப் படிவம் வந்தது, எங்கள் சேவை திருப்தியா என்று கேட்டு.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்று நீ சொல்லலாம். வீடு என்றால் மளிகைக் கடைப் படிதான். அங்கே உட்கார்ந்திருக்கிற பையன்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மார்க்வெல் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் நான் கடையிலிருந்து வெளியே வரும்போது ஒருவன், "அண்ணனைப் போட்டவன் ஷூ மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுத் திரியுறான், நீ இங்க சிப்ஸ் தின்னு கைய நக்கிக்கிட்டிருக்கே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும், "வழி விடுங்கடா, பெருசு வருது, பலகையைத் தூக்கிட்டு வந்து அடிக்கப் போகுது" என்று சிரித்தார்கள். டேவியன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பதிலும் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்கிற பையனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஆக, பாலத்தைத் தாண்டினால் அவனைக் கொல்வார்கள். தாண்டாவிட்டால் அவனைக் கொலைகாரன் ஆக்குவார்கள்.

பள்ளி மூடியதும் பிள்ளைகளைத் தெற்கே அனுப்புவது நம் மக்கள் எப்போதும் செய்ததுதான். இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் பொரித்த கோழியைக் கட்டிக்கொண்டு மிசிசிப்பிக்கு வந்தார்கள், அம்மா எத்தனை பேருக்குத் தரையில் பாய் போட்டாள். டேவியனை உன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பத்து வாரம் கேட்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பதில் எழுது. போன் செய்யாதே. போனில் நாம் இருவரும் சண்டை மட்டும்தான் போடுவோம்.

உன் முழங்காலுக்கும் என் கண்ணுக்கும் கர்த்தர் இரங்கட்டும்.

உன் அண்ணன்,
எல்பர்ட்


சிகாகோ
ஜூன் 12

அன்புள்ள வெர்னீஸுக்கு,

பெக்கான் கொட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த சீட்டையும் படித்தேன். 'உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன். இந்த வீட்டுக்குள் துப்பாக்கி வந்ததில்லை, வரவும் வராது.' இரண்டு வரி. நான் எழுதியது ஐந்து பக்கம்.

அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி அதே வீட்டில் சமையலறைக் கதவுக்கு மேலே முப்பது வருஷம் தொங்கியதை மறந்துவிட்டாய். அது எதற்குத் தொங்கியது, எந்த வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று பயந்து அப்பா அதை மாட்டினார் என்பதும் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வெளியே போனால் திரும்பி வருவோமா என்று தெரியாதவன் கையில் துப்பாக்கி இருக்கும். அப்பா கெட்டவர் இல்லை.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்தால் நீ இந்தக் கடிதத்தை அடுப்பில் போடலாம். ஆனாலும் மறைத்து எழுதி உன் வீட்டுக்கு ஒரு பையனை அனுப்புகிற ஆள் நான் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெனீட்டா வீட்டுக்குப் போயிருந்தேன். என்னுடைய பழைய தகரச் சாப்பாட்டு டப்பா அவள் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும். பஸ் ஓட்டின காலம் முழுக்க என்னோடு வந்த டப்பா. மார்க்வெலின் சாமான்களோடு போலீஸ் அதையும் ஒரு காகிதப் பையில் திருப்பிக் கொடுத்தது. ரெனீட்டா அதைத் தொடுவதில்லை. அன்று அது டேவியன் கட்டில்மேல் இருந்தது. தூக்கினேன். கனத்தது. திறந்து பார்த்தேன். ஒரு கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்திருந்தான்.

அவன் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்றான். ஓடவில்லை, பொய் சொல்லவில்லை. நான் என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் சொன்னது நினைவிருக்கிறது. "நான் யாரையும் போடுறதுக்கு வாங்கல மாமா. வேலைக்குப் போறதுக்கு வாங்கினேன். ஜூன் இருபத்தி நாலு திங்கக்கிழமை எட்டரைக்கு அங்க இருக்கணும். போய்ச் சேரணும்ல?" என்றான். பிறகு, குரலில் கோபமே இல்லாமல், "நீங்கதானே அண்ணன்கிட்ட சொன்னீங்க, டப்பா கையில இருந்தா யாரும் தொடமாட்டாங்கன்னு. நானும் டப்பாவோடதான் போறேன். என்ன, இதுல வேற சாப்பாடு" என்றான்.

வெர்னீஸ், அடக்கத்தன்று நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது எழுதுகிறேன்.

மார்க்வெல் அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னான். "அந்தப் பக்கம் முடியாது மாமா" என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன், அங்கே எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்றுகூடத் தெரியும், எனக்கே நீ சொல்லிக் கொடுக்கிறாயா என்றேன். என் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைச் சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பா கையில் வைத்திருப்பவனை எந்தக் கும்பலும் தொடாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற முரடர்களே, "வேலைக்காரரு வராரு, வழி விடு" என்பார்கள். என் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவர்கள் வழி விட்டதை ஆயிரம் தடவை கண்ணால் பார்த்தவன் நான். அதனால் என் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு நேராக நட, வேலைக்குப் போகிறவனை யாரும் தொடமாட்டார்கள் என்றேன். போகாவிட்டால் உன்னை ஆண்பிள்ளை என்றே நினைக்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

அந்த வழக்கம் எப்போது செத்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருவனும் வேலைக்குப் போகிற ஆளைத் தன் வீட்டில் பார்த்ததில்லை. பிறகு அவர்களுக்கு டப்பாவும் ஆரஞ்சுச் சட்டையும் என்ன சொல்லும்? அன்றைக்கு டப்பாவில் பொலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சும் ஒரு பீச் பழமும் இருந்தன. நான் கட்டிக் கொடுத்தது.

சர்ச்சில் நீ பேசியபோது, அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் என்று நான் சொல்லியிருந்தால், அவனை யார் அனுப்பியது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதனால்தான் நின்றேன். என் வாய் மூடியிருந்ததால் உன் மகள் மேல் அந்தப் பழி விழுந்தது, பதினோரு மாதமாக விழுந்துகொண்டே இருக்கிறது. திட்டத்தின் தப்பைத் திட்டத்தின் மேல்தான் வைக்கிறேன், அதை ஒரு வரிகூடக் குறைக்கமாட்டேன். என் தப்பை என் மேல் வைக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியை நான் எடுத்துப் போகவில்லை. கைக்குட்டையில் சுற்றித் திரும்ப டப்பாவில் வைத்து மூடினேன். தெரு முனையில் ஏழு 'கூடாது' எழுதிய ஆள் செய்த காரியம் இது. எடுத்துப் போயிருந்தால் அவன் வெறுங்கையோடு பாலத்துக்கு அடியில் போவான். ஒரு தடவை அப்படி ஒருவனை அனுப்பினேன். இரண்டாம் தடவை என் கை மறுத்துவிட்டது. ஆனால் அது அவனிடம் இருந்தால் இருபத்து நாலாம் தேதி வேறொரு தாய் மகனை இழப்பாள், அல்லது குளத்தில் மூச்சு விடப் பழகுகிற குழந்தைகள் அதைப் பார்க்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் சவப்பெட்டியில்தான் போய் நிற்கிறது. மூன்றாவது வழி உன் வீட்டுக் கதவு ஒன்றுதான்.

அங்கேயும் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பருத்தியை மெஷின் எடுக்கிறது, மீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பத்து வாரம் கழித்து அவன் திரும்பி வரும்போது பாலம் அப்படியே இருக்கும், படியில் அந்தப் பையன்கள் அப்படியே இருப்பார்கள். அப்புறம் என்ன என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. பத்து வாரத்துக்கு மட்டும்தான் எனக்கு யோசனை இருக்கிறது.

மார்க்வெல் கேட்டானே, செய்ய வேண்டியதை எழுதச் சொல்லி. பலகையில் எழுத எனக்கு இப்போது கண் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

வேலைத் திட்ட அலுவலகம்: பிள்ளைகளை வேலைக்கு அனுப்புமுன் எந்தத் தெருவைத் தாண்டமுடியும் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குளம் கட்டச் சொல்லவில்லை, இருபது வேலை போதும். செய்யமாட்டார்கள். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பத்திரிகை: 'அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்' என்று ஒரு வரி போட வேண்டும். ஆறு கடிதம் எழுதியாயிற்று.

ரெனீட்டா: அவன் துணிகளைக் கட்ட வேண்டும். பஸ் நிலையத்தில் அழக்கூடாது. மார்க்வெலை யார் வேலைக்குப் போகச் சொன்னது என்று இன்றுதான் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

டேவியன்: இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுமுன் டப்பாவை என் கையில் கொடுக்க வேண்டும். "தெக்க போறதா இருந்தா எனக்கு எதுக்கு அது" என்றான். பாதி நம்புகிறேன்.

நான்: அந்த டப்பாவோடு எங்கள் பாதிரியார் வீட்டுக்குப் போக வேண்டும். பஸ் நிலையத்தில் நீ இல்லாமல் அவன் திரும்பி வந்துவிட்டால், திங்கட்கிழமை காலை அவனோடு பாலத்துக்கு அடியில் நான் நடக்க வேண்டும், அந்தப் பக்கம் நான் முதலில்.

நீ: சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு மெம்பிஸ் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். உங்கள் சர்ச் டீக்கனின் காரைக் கேள், தருவார். கதவருகே நில், பஸ்ஸிலிருந்தே உன்னை அவன் பார்க்கட்டும். பார்க்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான், எனக்கு அவனைத் தெரியும். முகம் அண்ணன் முகமாகவே வந்துவிட்டது. பார்த்ததும் சத்தம் போட்டுவிடாதே. சட்டைப் பையைத் தடவாதே. கேள்வி கேட்காதே, சாப்பாடு போடு. கதவுக்கு முதுகைக் காட்டி அவன் உட்காரமாட்டான். சுவரோரமாக நாற்காலியை நீயே நகர்த்திப் போட்டுவிடு, ஏன் என்று கேட்காமல்.

கர்த்தர் உன் வீட்டுக் கதவைக் காக்கட்டும். அந்தச் சனிக்கிழமை மட்டும் அதைத் திறந்தும் வைக்கட்டும்.

உன் அண்ணன்,
எல்பர்ட்